ராமானுஜனையே கோட்டை விட்டேன்: இங்கிலாந்து குவிஸ், அமெரிக்கக் குவிஸ்

இரண்டு ஊர்க் கல்லூரிக் குவிஸையும் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், உங்கள் கதைகளைக் கீழே பதிலாகப் போடுங்கள்.

இங்கிலாந்தில் முதுகலை படித்தபோது திங்கள் இரவு ஹாஸ்டல் சமையலறை டிவியில் யூனிவர்சிட்டி சேலஞ்ச் என்ற கல்லூரி அணிகளின் குவிஸ் ஓடும். பாத்திரம் கழுவிக்கொண்டே நாலு விடை கத்திவிட்டால் அன்றைக்கு நான்தான் ராஜா. அந்தத் தைரியத்தில்தான், பிஎச்டிக்கு அமெரிக்கா போனதும் ஒரு சனிக்கிழமை குவிஸ்போலுக்கு, அதாவது அங்கத்திய கல்லூரிக் குவிஸுக்குப் பெயர் கொடுத்தேன்.

மேடை, கேமரா எதுவும் இல்லை. சாதாரண வகுப்பறை. மேசை முழுக்க பஸ்ஸர் ஒயர். ஒருவர் லேப்டாப்பைப் பார்த்து மூச்சுவிடாமல் கேள்வி வாசிக்கிறார். ஒரு டாஸ்அப் (யார் முதலில் பஸ்ஸர் அடிக்கிறாரோ அவர் பதில் சொல்லும் கேள்வி) 'டவ்' சார்பு என்று ஆரம்பித்தது. சரி, கணக்கு, நமக்கில்லை என்று சாய்ந்து உட்கார்ந்தேன். அடுத்த வரி முடிவதற்குள் எதிர் அணி ஒஹையோ பையன் அடித்தான்: "ராமானுஜன்." பாதிக்கு முன்பே அடித்ததால் பத்து பாயிண்டுக்குப் பதில் பதினைந்து. நான் கும்பகோணத்துக்காரன்! சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வீட்டைத் தாண்டித்தான் தினமும் டியூஷனுக்குப் போனேன். அப்புறம் கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தால், எனக்குத் தெரிந்த 1729 டாக்சி கதை கடைசி வரியில் இருந்தது.

அமெரிக்காவில் கேள்வி ஆறேழு வரி இருக்கும். கஷ்டமான துப்பில் தொடங்கிப் போகப் போக எளிதாகும். ஆழமாகப் படித்தவன் முதலில் அடிப்பான். யூனிவர்சிட்டி சேலஞ்சில் டாஸ்அப்புக்குப் பெயர் ஸ்டார்ட்டர், பெரும்பாலும் அதைவிடச் சின்னது. நடுவில் படம், பாட்டு என்று வேறு வரும். சோபாவில் இருப்பவருக்கும் ஏதாவது மாட்ட வேண்டுமே! அவசரப்பட்டுத் தப்பாக அடித்தால் மட்டும் இரண்டு ஊரிலும் மைனஸ் ஐந்து.

*

யூனிவர்சிட்டி சேலஞ்ச் எடுக்கும் சால்ஃபோர்ட் ஸ்டூடியோவில் ஒருமுறை பார்வையாளராக உட்கார்ந்திருக்கிறேன். டிவியில் ஒரு அணி மாடியிலும் இன்னொன்று கீழேயும் இருப்பது போலத் தெரியுமே, நேரில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான். எனக்குப் பெரிய ஏமாற்றம்.

இன்னொன்று. பஸ்ஸர் அடித்ததும் கல்லூரிப் பெயரையும் குடும்பப் பெயரையும் ஒரு குரல் அறிவிக்கும். என் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இருப்பது அப்பா பெயர். நான் போயிருந்தால் அடிப்பது நான், கூப்பிடுவது எங்கப்பாவை!

*

போவது எங்கே? யூனிவர்சிட்டி சேலஞ்சுக்கு எங்கள் பல்கலைக்கழகத்தில் தேர்வு வைத்து நாலு பேரையும் ஒரு ரிசர்வையும் எடுத்தார்கள். எத்தனை மார்க் என்றுகூட எங்களுக்குச் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஏ, பி, சி என்று ஒரே இடத்திலிருந்து மூன்று அணி வரும். சி அணியில் ஆடி எல்லா ஆட்டமும் தோற்ற சுகம் எனக்கு அங்கேதான் கிடைத்தது.

ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் கல்லூரிகள் தனித்தனி அணியாகப் போட்டியிடலாம். அதை எதிர்த்துத்தான் 1975-இல் மான்செஸ்டர் அணி வந்த கேள்விக்கெல்லாம் சே குவேரா, மார்க்ஸ், லெனின், ட்ராட்ஸ்கி என்றே பதில் சொன்னது. என் ஓட்டு அவர்களுக்கு!

*

இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான். 1953-இல் அமெரிக்க வானொலியில் தொடங்கி டிவிக்குப் போன 'காலேஜ் போல்' (College Bowl) நிகழ்ச்சியைப் பார்த்துத்தான் 1962-இல் யூனிவர்சிட்டி சேலஞ்ச் வந்தது. தாயான காலேஜ் போல் 1970-இல் டிவியிலிருந்து போய்விட்டது. அப்புறம் அங்கே மாணவர்கள் தாங்களே கேள்வி எழுதி ஆட ஆரம்பித்ததில்தான் இந்த நீளக் கேள்வியும் பிடிவாதமும் வளர்ந்தன. இப்போது பிரிட்டிஷ் மாணவர்களும் வார இறுதியில் அமெரிக்கப் பாணியில் ஆடுகிறார்கள். 2020-இல் யூனிவர்சிட்டி சேலஞ்சில் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஜெயித்தபோது அணியில் இருந்த பிராண்டன் பிளாக்வெல் நியூயார்க்காரர், அமெரிக்க டிவி குவிஸ்களில் ஆடியவர். அவர் பஸ்ஸர் அடிக்கும் வேகத்தைப் பாருங்கள்.

*

முதலில் எழுதியவன்தான் மறுபடி. அந்த ஒஹையோ பையன் மதியம் பீட்சா வரிசையில் எனக்குப் பின்னால் நின்றான். எந்த ஊர் என்று கேட்டான், சொன்னேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு, "அதை எப்படி உச்சரிக்க வேண்டும்? இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்றான். நாலைந்து வருடமாக 'கம்பாகோனம்' என்றே படித்துக்கொண்டிருந்தானாம்.