சீக்கிரம் வந்த ஜோக் மேலே, விவரமான பதில் கீழே: ஓட்டு முறையில் கோளாறா?

தாமதவாசி:
ரெடிட் என்ற விவாதத் தளத்தில் எதைத் திறந்தாலும் கமெண்ட்களில் மேலே ஒரு வரி ஜோக்தான் நிற்கிறது. விஷயம் தெரிந்து விரிவாக எழுதியவர் நாலு மணி நேரம் கழித்து வந்திருப்பார், அவரைக் கீழே போய்த் தோண்டி எடுக்க வேண்டும். 'பெஸ்ட்' என்று பெயர் வைத்து அடுக்கியும் ஏன் இப்படி? டவுன்வோட்டை, அதாவது எதிர்ப்பு ஓட்டை, தூக்கிவிட்டால் சரியாகுமா, இல்லை ஓட்டு எண்ணிக்கையை மறைத்தாலே போதுமா?

கணக்குப்பிள்ளை:
அந்த 'பெஸ்ட்' 2009-ல் வந்ததே இந்தப் புகாருக்காகத்தான். வெறும் அப்வோட் (ஆதரவு ஓட்டு) கழித்தல் டவுன்வோட் என்று பார்த்தால் பந்திக்கு முந்தியவனுக்கே லாபம். அதனால் புள்ளியியலில் எட்வின் வில்சன் 1927-ல் தந்த சூத்திரத்தை எடுத்துக்கொண்டார்கள். எக்ஸ்கேசிடி என்ற இணையச் சித்திரத் தொடர் வரையும் ராண்டல் மன்ரோதான் அப்போது இதை விளக்கி எழுதினார். இதுவரை விழுந்த ஓட்டை ஒரு சாம்பிளாக வைத்து, எல்லோரும் ஓட்டுப் போட்டால் குறைந்தபட்சம் எத்தனை சதவீதம் ஆதரவு தேறும் என்று அது கணிக்கிறது. 40 அப், 20 டவுன் வாங்கியதைவிட 10 அப், 1 டவுன் வாங்கியது மேலே வரும். கணக்கில் குறை இல்லை. ஆனால் அந்த முதல் 10 பேர் கண்ணில் பட வேண்டுமே, அதற்கு எந்தச் சூத்திரமும் உதவாது.

மந்தைவெளி:
கண்ணில் பட்டாலும் நாம் சொந்தமாக யோசித்து ஓட்டுப் போடுவதில்லை. முச்னிக், அரல், டெய்லர் மூவரும் 2013-ல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஒரு செய்திப் பகிர்வுத் தளத்தில் லட்சத்துக்கு மேற்பட்ட கமெண்ட்களை எடுத்து, அதில் சிலவற்றுக்குக் குருட்டாம்போக்கில் முதல் அப்வோட்டைத் தாங்களே போட்டார்கள். அடுத்துப் பார்ப்பவர் அப்வோட் போடும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது, கடைசி மதிப்பெண்ணும் சராசரியாக 25 சதவீதம் ஏறியது. பொய் டவுன்வோட்டை மட்டும் மற்றவர்கள் வந்து சரிசெய்துவிட்டார்கள், அது ஆச்சரியம்தான். ஹேக்கர் நியூஸ் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் 2011-லேயே கமெண்ட்டுக்கு விழுந்த ஓட்டு எண்ணிக்கையை மறைத்துவிட்டது. அங்கும் வரிசை இருக்கிறது, டவுன்வோட் வாங்கியது மங்கலாகத் தெரிகிறது, அப்புறம் என்ன மறைத்த மாதிரி!

பழைய மோடம்:
டவுன்வோட்டைத் தூக்க வேண்டாம், தாமதவாசி. அதற்கு ஒரு விலை வைத்தால் போதும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளத்தில் ஒரு பதிலுக்கு டவுன்வோட் போட்டால் போட்டவரின் கணக்கிலேயே ஒரு புள்ளி குறையும். ரெடிட்டிலோ கருத்து பிடிக்கவில்லை என்பதற்காகக் டவுன்வோட் குத்தாதே என்று நன்னடத்தைக் குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், யார் கேட்கிறார்கள்? என்னைக் கேட்டால் ஸ்லாஷ்டாட் என்ற பழைய தொழில்நுட்பச் செய்தித் தளத்தின் முறைக்கு இன்னும் ஈடில்லை. ஓட்டுப் போடும் உரிமை எல்லோருக்கும் எப்போதும் கிடையாது, அவ்வப்போது சிலருக்கு மட்டும் ஓட்டுப் போடக் கொஞ்சம் புள்ளிகள் வரும், ஏன் போடுகிறோம் என்று காரணமும் சொல்ல வேண்டும். 'வேடிக்கை' என்று வாங்கிய புள்ளி கர்மாவில், அதாவது எழுதியவரின் மதிப்புக் கணக்கில், சேராது. உங்கள் ஜோக் தொல்லைக்கு நேரான மருந்து.

தாமதவாசி:
கர்மா சேராதது நல்ல யோசனை. ஆனாலும் ஜோக் மேலே ஏறத்தானே செய்யும்?

பழைய மோடம்:
ஏறும். ஜோக் அடித்தே பெயர் வாங்க முடியாது, அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை:
ரெடிட்டில் குழுவை நிர்வகிக்கும் மாடரேட்டர்கள் நினைத்தால் 'கான்டெஸ்ட் மோட்' போடலாம், வரிசை கலைந்து வரும், எண்ணிக்கையும் தெரியாது. நீங்கள் படிக்கும் குழுவில் கேட்டுப் பாருங்கள்.