கொற்கைக்குப் போறதுக்கு முன்னாடி: வீட்டுக் குழுவில் ஒரு சாயங்காலம்

*செல்வி அத்தை:* அண்ணே, ஞாயித்துக்கிழமை பிள்ளைகள கொற்கைக்குக் கூட்டிட்டுப் போறோம். பாண்டியர் துறைமுகம்னு படிச்சிருக்குதுக. அங்க சுத்தி வயக்காடுதான? கடல் எங்கன்னு கேட்டா என்ன சொல்ல?

*முருகேசன் சித்தப்பா:* கடல் 6, 7 கிலோமீட்டர் கிழக்க போயிருச்சுன்னு சொல்லு. தள்ளுனது தாமிரபரணி. வெள்ளத்துல ஆறு மணலும் வண்டலும் வாரிட்டு வரும். கடல்ல விழுந்ததும் வேகம் செத்து, கொண்டாந்தது அங்கயே படியும். அலை அத திருப்பித் தள்ளி வாய்க்குக் குறுக்க திட்டாக்கிரும். கோடையில அந்தத் திட்ட அறுக்க ஆத்துக்கு வலு கிடையாது. முதல்ல பெரிய கப்பல் நுழைய முடியாது, அப்புறம் தோணியும் தட்டும்.

*ராஜா அண்ணன்:* 1968-69ல தொல்லியல் துறை அங்க தோண்டினப்ப கிடைச்ச கரியோட காலம் கி.மு. 785. அக்கசாலை ஈஸ்வரமுடையார் கோயில் பேர பிள்ளைகளுக்குச் சொல்லுங்க அத்தை. அக்கசாலைன்னா காசு அடிக்கிற இடம்.

*பிரியா:* கொற்கை தூர்ந்ததும் துறைமுகம் தூத்துக்குடிக்கு வந்துருச்சா?

*முருகேசன் சித்தப்பா:* நடுவுல காயல் இருக்கேம்மா! ஆத்து வாய் கிழக்க நகர நகர துறையும் பின்னாலயே போச்சு. 13ஆம் நூற்றாண்டுக் கடைசியில மார்க்கோ போலோ வந்தது காயலுக்கு. அரபுக் குதிரை இறங்குன துறை. லாடம் அடிக்கிற ஆள இங்க வரவிடாம வியாபாரிங்க பாத்துக்கிட்டாங்கன்னு எழுதுறார். குதிரை செத்தாத்தான அடுத்த வருசமும் விக்கும்.

*ராஜா அண்ணன்:* அந்தக் காயல் பழையகாயல்தான்னு கால்டுவெல் சொன்னார். அங்க சீனப் பீங்கான் ஓடும் அரபு ஓடும் கிடக்கிறதப் பாத்துட்டுத்தான் சொன்னார். காயல்பட்டினத்துக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க 🙂

*செல்வி அத்தை:* முத்து எடுத்ததும் ஆத்து வாயிலயா?

*முருகேசன் சித்தப்பா:* இல்ல, வெளிக்கடல்ல பார் மேல, அதாவது கடலுக்கு அடியில இருக்கிற பாறைத்திட்டு மேல. 5லிருந்து 10 பாகம் ஆழம். பாகம்னா 6 அடி. மார்ச், ஏப்ரல்ல கடல் அடங்கி தண்ணி தெளிஞ்சிருக்கும், அப்பத்தான் குளிப்பு. கயித்துல கட்டின கல்லு மேல கால வச்சு இறங்கணும். மேல ஒரு ஆள் கயித்தப் பிடிச்சிருப்பார். மூச்சு ஒரு நிமிசம் தாங்கும், அதுக்குள்ள சிப்பிய அள்ளி வலைப்பையில போடணும்.

*பிரியா:* கரைக்கு வந்ததும் உடைச்சுப் பாப்பாங்களா?

*முருகேசன் சித்தப்பா:* கத்தி வச்சா சதையில ஒட்டியிருக்கிற பொடி முத்து போயிரும். அதனால அழுக விட்டு, அப்புறம் கழுவி அரிப்பாங்க. நாத்தம் தாங்காது. தூத்துக்குடியில கடைசி முத்துக்குளிப்பு 1961ல.

*ராஜா அண்ணன்:* தூத்துக்குடி தூராம நின்னதுக்குக் காரணம் அது ஆத்து வாயில இல்லங்கிறதுதான். முன்னால தீவுகளும் அலைய மறிக்குது. ஆனா ஆழம் கம்மி. கப்பல் ரொம்ப வெளிய நிக்கும், சரக்க தோணியில ஏத்தி இறக்குவாங்க. 1974ல புதுத் துறைமுகம் வந்தப்புறந்தான் கப்பல் கரைய அணைஞ்சது. அதுக்கும் ஆளுக்கு 4 கிலோமீட்டர் நீளத்துல ரெண்டு அலைத்தடுப்புச் சுவர் போட வேண்டியிருந்துச்சு.

*செல்வி அத்தை:* அப்ப எந்த வரிசையில போகட்டும்?

*முருகேசன் சித்தப்பா:* கொற்கை, பழையகாயல், கடைசியா புன்னைக்காயல். ஆறு நகர்ந்த வரிசையே அதுதான். புன்னைக்காயலுக்கு கடல் வத்தியிருக்கிற நேரமாப் பாத்துப் போ. வாயில மணல்திட்டு தலை தூக்கியிருக்கும், பிள்ளைகளுக்குக் காட்டிரு.