முதல் நாள் ஹோல் நிறையும். இரண்டாவது திங்கட்கிழமை?

வெள்ளவத்தை வாசி:
கொழும்பில் தமிழ்ப் படம் ஓட்டும், விநியோகிக்கும், விளம்பரம் செய்யும் வேலையில் இருப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். இப்போது சனத்தைத் தியேட்டருக்குக் கொண்டுவருவது எது, திருப்பி அனுப்புவது எது? வேலையில் கண்டதை அடுத்தவருக்கு உதவும்படி விபரமாக எழுதுங்கள். எந்த நடிகர் பெரியவர் என்ற சண்டை வேண்டாம்.

விளம்பர மேசை:
யூடியூப் எண்ணை நம்பித் திரைகளின் எண்ணிக்கையை முடிவு செய்யாதீர்கள். ‘ஸ்கிப்’ பண்ணக்கூடிய விளம்பரமாக ட்ரெய்லரை ஓட்டினால் 30 விநாடி பார்த்தாலே ஒரு பார்வை ஏறிவிடும். காசு கொடுத்து வாங்கிய பார்வைகளை இசை வீடியோக்களின் 24 மணிநேரச் சாதனைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று 2019இல் யூடியூபே அறிவித்தது. ஆனால் வீடியோவுக்குக் கீழே தெரியும் எண்ணில் அவையும் இருக்கும். ஷோர்ட்ஸில் இன்னும் மோசம்: 2025 மார்ச் 31 முதல் ஓடத் தொடங்கினாலே அது ஒரு பார்வை. தயாரிப்புத் தரப்பிடம் கேட்டு வாங்க வேண்டியது இரண்டு: நாடுவாரிப் பிரிப்பு, சராசரிப் பார்வை நேரம். இலங்கையின் பங்கு எவ்வளவு என்று தெரியாமல் எத்தனை கோடி சொன்னாலும் நமக்குப் பயனில்லை.

கொழும்புக்கு விளம்பரம் போடும்போது மொழித் தெரிவில் தமிழை மட்டும் வைப்பது அடிக்கடி நடக்கும் பிழை. இங்கே தமிழரில் பெருந்தொகையானோர் போனை ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு விளம்பரம் போய்ச் சேராது. இன்னொன்று, போனில் பார்க்க ட்ரெய்லரின் செங்குத்து வெட்டு தனியாக வேண்டும்: 1080க்கு 1920 பிக்சல், பதினைந்து இருபது விநாடி. சத்தமில்லாமல் பார்ப்பவர்களே அதிகம், ஆகவே வசனத்தை எழுத்தாகப் போடுங்கள். அந்த எழுத்தைத் திரையின் அடிப்பாகத்தில் வைத்தால் செயலியில் வரும் கணக்குப் பெயரும் பொத்தான்களும் அதை மூடிவிடும். கடைசி மூன்று நாள் காசை ட்ரெய்லருக்குச் செலவழிக்காமல், கதிரை தெரிவு செய்யும் பக்கத்துக்கு நேரே கொண்டுபோகும் இணைப்புக்குச் செலவழியுங்கள்.

விநியோகக்காரன்:
விளம்பர மேசை அக்கா சொன்னது சரி. முன்பதிவு வரைபடமும் பொய் சொல்லும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரசிகர் மன்றம் ஒரு காட்சியை மொத்தமாக எடுத்தால் எல்லாக் கதிரையும் விற்றதாகவே காட்டும். உண்மையான தேவையை அறிய சனிக்கிழமை பின்னேரக் காட்சியைப் பாருங்கள். கதிரைகள் இரண்டு, மூன்று, நான்காகச் சேர்ந்து நிறைந்தால் குடும்பங்கள் வருகின்றன. அங்கொன்று இங்கொன்றாக நிறைந்தால் இளைஞர் மட்டும், அந்தப் படம் திங்களன்று விழும்.

விழுந்தால் என்ன செய்யலாம் என்பது கட்டடத்தைப் பொறுத்தது. ஒன் கோல்ஃபேஸ் கடைத்தொகுதியில் 9 திரைகள். அப்படியான இடத்தில் படத்தைச் சின்ன ஹோலுக்கு மாற்றி நாளுக்கு இரண்டு காட்சி வைத்து உயிரோடு வைக்கலாம். ஒரே திரை உள்ள தியேட்டரில் அந்த வழியே இல்லை. ஆகவே அங்கே 6.30 காட்சிதான் பிழைப்பு. இரண்டே முக்கால் மணித்தியாலப் படம், இடைவேளை, விளம்பரம் எல்லாம் சேர்த்து 10.15 காட்சி முடிய ஒரு மணி தாண்டும். பஸ் இருக்காது; டிக்கட்டுக்கு மேலே ஓட்டோக் காசும் சேரும். பிள்ளைகளோடு அந்தக் காட்சிக்கு யாரும் வரமாட்டார்கள்.

அதோடு ஓடிடி. தமிழ்ப் படங்களுக்குத் தியேட்டருக்கும் ஓடிடிக்கும் வழமையான இடைவெளி நான்கு கிழமை. வட இந்தியாவின் பெரிய மல்டிபிளெக்ஸ்கள் ஹிந்திப் பதிப்புக்கு எட்டுக் கிழமை கேட்கின்றன. நாலு கிழமையில் போனுக்கு வரும் என்று சனத்துக்குத் தெரியும். அதனால் மூன்றாம் கிழமைக்கென்று விளம்பரக் காசை ஒதுக்குவது வீண். முதல் பத்து நாளுக்குள் குடும்பங்களை அழைத்தாக வேண்டும்.

மருதானை நானா:
விமர்சனத்தையும் சொல்ல வேண்டும். 2024 நவம்பரில் தமிழ் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம், தியேட்டர் வளாகத்துக்குள் விமர்சனம் எடுக்கும் யூடியூபர்களை விடவேண்டாம் என்று உரிமையாளர்களைக் கேட்டது. ஆனால் கொழும்பில் சனத்தை நிறுத்துவதும் வரவைப்பதும் வட்ஸ்அப் குரல் செய்திதான். இடைவேளையிலேயே அது போய்விடும். அதை எந்தச் சங்கமும் தடுக்க முடியாது.

கேபின்:
என் கவலை வேறு. இவ்வளவு செலவழித்து வரவைத்த ஆளை நாங்கள் ஹோலுக்குள் இழக்கிறோம். முதற்காட்சி தாமதமாவதற்குப் பெரும்பாலும் காரணம் சாவி. படம் டிசிபியாக, அதாவது பூட்டிய டிஜிட்டல் கோப்புத் தொகுதியாக வரும், கிட்டத்தட்ட 200 ஜிபி. அதைத் திறக்கும் சாவியான கேடிஎம் தனியாக மின்னஞ்சலில் வரும். ஒரு கேடிஎம் படம் ஓட்டும் ஒரு சர்வருக்கு, ஒரு சிபிஎல்லுக்கு (படத்தின் ஒரு பதிப்புக்கான ஓட்டப் பட்டியல்), குறித்த நேர எல்லைக்கு மட்டும். இதில் பிழை வரும் வழிகள்:

சர்வரில் படத்தைத் திறக்கும் பாகமான மீடியா புளொக்கை மாற்றியிருந்தால் அதன் டிஜிட்டல் சான்றிதழும் மாறும்; பழைய சான்றிதழுக்கு வந்த சாவி திறக்காது. சாவி காலை 6 மணியிலிருந்து செல்லும் என்றிருக்க, காட்சியை 5.30க்குப் போட்டிருப்பார்கள். சர்வரின் பாதுகாப்புக் கடிகாரம் பிந்தினால் அதையும் நினைத்தபடி திருத்த முடியாது. விதிப்படி வருடத்துக்கு ஆறு நிமிடம்தான்.

ஆகவே படம் வெளியாவதற்கு முந்தின நாள் பின்னேரமே அதை ஏற்றி, சாவியைப் போட்டு, சர்வர் எந்தத் திகதி எந்த நேரத்திலிருந்து செல்லும் என்று காட்டுவதை வாசித்துப் பாருங்கள். யூஎஸ்பி 2 வழியாக ஏற்றினால் 200 ஜிபிக்கு இரண்டு மணித்தியாலம் அளவில் போகும். காலையில் தொடங்கினால் வாசலில் நிற்கும் சனத்துக்கு என்ன பதில் சொல்வது?

அடுத்தது சத்தம். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரில் 7 என்பதுதான் படத்தின் ஒலி கலக்கப்பட்ட அளவு. ட்ரெய்லர் காதைக் கிழிக்கிறது என்று யாராவது முறையிட்டதும் 5க்கு இறக்கிவிட்டு அப்படியே விடுகிறார்கள். ஓர் எண்ணுக்கு 3.3 டெசிபல், இரண்டு எண் இறக்கினால் மெதுவாகப் பேசும் வசனம் போய்விடும். பிறகு "படத்தில் ஒன்றும் விளங்கவில்லை" என்று வீட்டுக்குப் போய்ச் சொல்வார்கள், பழி இயக்குநருக்கு. பிளேலிஸ்டில் ட்ரெய்லருக்கு 5, படம் தொடங்கும் இடத்தில் 6.5 என்று தனித்தனி கட்டளை போட ஐந்து நிமிடம் போதும்.

சப்டைட்டில் பிள்ளை:
கேபின் அண்ணா, சிபிஎல் பெயரையும் சொல்லுங்கள். ‘டிஏ-எக்ஸ்எக்ஸ்’ என்றால் தமிழ் ஒலி மட்டும், எழுத்து (சப்டைட்டில்) இல்லை. ‘டிஏ-ஈஎன்’ என்றால் ஆங்கில எழுத்தோடு. கொழும்பில் தமிழ்ப் படத்துக்குச் சிங்கள நண்பர்கள் நல்ல தொகையில் வருகிறார்கள், அவர்கள் நம்புவது அந்த இரண்டு வரியைத்தான். எழுத்துப் பதிப்பு தனிச் சிறு கோப்பாக மூலப் படத்தின் மேல் ஏறும். சாவியும் அதற்கெனத் தனியாக வரவேண்டும். மூலத்துக்கு மட்டும் சாவி வந்தால் எழுத்தில்லாமல்தான் ஓட்ட வேண்டியிருக்கும். விநியோகஸ்தரிடம் சாவி கேட்கும்போதே இரண்டு சிபிஎல்லுக்கும் கேளுங்கள். டிக்கட் பக்கத்தில் ‘ஆங்கில எழுத்துடன்’ என்று போடவும் மறக்க வேண்டாம். போடாததால் வராமல் போனவரை யாரும் எண்ணுவதில்லை.

தெஹிவளை:
படம் மங்கலாக இருக்கிறது என்று கேட்டால் "படமே இருட்டாக எடுத்தது" என்கிறார்கள். அது உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

கேபின்:
அளந்து பாருங்கள். வெற்று வெள்ளையை ஓட்டி, திரையின் நடுவில் வெளிச்ச மீட்டர் பிடித்தால் 14 ஃபுட்லம்பேர்ட் (வெளிச்ச அளவு) வரவேண்டும். குறைந்தால் முதலில் படம் ஓட்டும் கேபினின் கண்ணாடியை இரு பக்கமும் துடையுங்கள். பிறகு புரொஜெக்டரின் செனொன் விளக்கு எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று பாருங்கள்; டொலர் விலைக்குப் பயந்து ஆயுள் முடிந்த விளக்கையே இழுப்பவர்கள் உண்டு. கடைசியாக, ஹோலில் 3டி வெள்ளித் திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சாதாரணப் படத்தில் நடு மட்டும் பளிச்சென்று, ஓரக் கதிரைகளுக்கு இருட்டாகத் தெரியும். அந்த ஓரக் கதிரைகளைக் கடைசியாக விற்கும்படி முன்பதிவில் அமைத்துவிடலாம்.