பாய்லர் பாதுகாப்பு லாஜிக்: தானியங்கிச் சோதனை மட்டும் போதுமா?

பெருந்துறையிலிருந்து, கேள்வி:
வணக்கம். சாய ஆலைகளின் எரிவாயு பாய்லர்களுக்குக் கட்டுப்பாட்டு அமைப்பு செய்துதரும் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். பர்னர் பாதுகாப்பு லாஜிக்கில் எதை மாற்றினாலும், பாய்லரைப் போல நடிக்கும் சிமுலேட்டருடன் இணைத்த பிஎல்சியில் (லாஜிக்கை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) எல்லாச் சோதனைகளையும் ஸ்கிரிப்ட் ஒரே இரவில் ஓட்டிவிடுகிறது. ஆகவே ஆலையில் கையால் செய்யும் இன்டர்லாக் (ஆபத்து நிலையில் பர்னரைத் தானே நிறுத்தும் ஏற்பாடு) சோதனையைக் கைவிடலாமே என்கிறார் மேலாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை. அவருக்கு என்ன சொல்வது?

மேட்டூரிலிருந்து:
அச்சோதனைகளில் "சரியான விடை" எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். லாஜிக்கை எழுதியவரே அதைப் பார்த்துச் சோதனையையும் எழுதியிருந்தால், நிரல் செய்வதையெல்லாம் அது சரியென்றே சொல்லும். ஆபத்து ஆய்வில் உருவான, எது நடந்தால் எது நிற்க வேண்டும் என்று சொல்லும் காரண–விளைவு அட்டவணையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேறொருவர் எழுத வேண்டும். 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட் புறப்பட்ட 40 வினாடிக்குள் சிதறியது. ஏரியன் 4-இலிருந்து அப்படியே எடுத்துக்கொண்ட வழிகாட்டு மென்பொருளில் ஓர் எண் 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. புதிய ராக்கெட்டின் பறப்புப் பாதைத் தரவைக் கொடுத்து அதை யாரும் சோதித்திருக்கவில்லை.

கோவையிலிருந்து:
ஸ்கிரிப்டின் உண்மையான பலம் பழுதுகளின் சேர்க்கையில் இருக்கிறது. பாய்லர் டிரம்மின் நீர்மட்டத்துக்கு மூன்று டிரான்ஸ்மிட்டர்கள் (அளவை மின் சிக்னலாக அனுப்பும் கருவிகள்), நீர் குறைவென்று இரண்டு சொன்னால் டிரிப், அதாவது பர்னர் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் ஒயர் அறுந்து சிக்னல், வழக்கமான கீழ் எல்லையான 4 மில்லியாம்பியருக்கு வெகுவாகக் கீழே போய்விட்டது. இன்னொன்று பழைய அளவிலேயே உறைந்து நிற்கிறது. மூன்றாவது மட்டும் நீர் இறங்குவதைக் காட்டுகிறது. அறுந்ததை டிரிப் வாக்காகக் கணக்கிட்டால் பாய்லர் நிற்கும். ஒதுக்கிவிட்டு மீதி இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று எழுதியிருந்தால் நீர் வற்றினாலும் நெருப்பு எரிந்துகொண்டே இருக்கும். பர்ஜ் (பற்றவைக்கும் முன் உள்ளே தங்கிய வாயுவை விசிறியால் வெளியேற்றுவது) முடிய ஒரு வினாடி இருக்கையில் விசிறி நின்றால், டைமர் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறதா என்பதும் இப்படித்தான். இவற்றையெல்லாம் ஆலையில் செய்து பார்க்க நேரமும் இராது, துணிவும் வராது.

ஈரோட்டிலிருந்து:
கோவை நண்பர் சொன்னதே மேலாளருக்கான பாதி விடை: லாஜிக் சேர்க்கைகளை ஸ்கிரிப்டிடம் விட்டு, ஆலையில் அவற்றைக் குறைக்கலாம். ஆனால் ஐஇசி 61508 பாதுகாப்புத் தரநிலையின் எஸ்ஐஎல் (பாதுகாப்பு ஏற்பாடு எவ்வளவு நம்பகமானது என்ற) அளவு, சென்சார், லாஜிக், வால்வு மூன்றும் சேர்ந்த முழுச் சங்கிலிக்கும் உரியது. அழுத்தத்தை டிரான்ஸ்மிட்டருக்குக் கொண்டுசெல்லும் இம்பல்ஸ் குழாய் அடைத்திருப்பதும், எரிவாயுவை நிறுத்தும் ஷட்-ஆஃப் வால்வு ஒட்டிக்கொண்டிருப்பதும் சிமுலேட்டருக்குத் தெரியாது. ஆகவே டிரான்ஸ்மிட்டரில் உண்மையான அழுத்தம் கொடுத்து, வால்வு மூடுவதைக் கண்ணால் பார்த்து, நேரத்தையும் குறிக்கும் சோதனையை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். இரவில் தேறிய நிரலும் ஆலையில் ஏற்றிய நிரலும் ஒன்றுதானா என்று செக்சம்மை (நிரலிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பிட்ட பிறகே அதைத் தொடங்குங்கள்.