கார்ட்டூன் நடுவே நொறுக்குத்தீனி விளம்பரம்: பெற்றோர் கண்டிப்பு மட்டும் போதுமா?

கேள்வி: விளம்பரத்தில் பார்த்த பாக்கெட்டைக் கேட்டுக் குழந்தைகள் கடையில் அடம்பிடிக்கிறார்கள். "வாங்கித் தராதே, அவ்வளவுதான்" என்பது சரியான தீர்வா?

பதில் 1: பாதிதான் சரி. நாலைந்து வயதில் விளம்பரத்தையும் நிகழ்ச்சியையும் பிரித்துப் பார்க்கவே தடுமாறுவார்கள். விற்பதற்காகத்தான் இப்படிச் சொல்கிறார்கள் என்பது பிடிபட ஏழெட்டு வயதாவது ஆகும். அதனால்தான் கனடாவின் கியூபெக் மாகாணம் 1980 முதல் 13 வயதுக்குட்பட்டோரைக் குறிவைக்கும் வணிக விளம்பரங்களுக்கே தடை போட்டது. வீட்டுக் கண்டிப்பை மட்டும் நம்புவது கம்பெனிகளுக்குத்தான் வசதி!

பதில் 2: சட்டம் வரும்போது வரட்டும், பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்க. 'ஒரு முறைக்கு 30 கிராம்' என்ற கணக்கை நம்பாதீங்க. கிண்ணத்தில் கொட்டுவது பெரும்பாலும் அதைவிட அதிகம். '100 கிராமுக்கு' என்ற பத்திதான் முக்கியம். சர்க்கரை 22.5 கிராமைத் தாண்டினால் பிரிட்டனின் பச்சை-மஞ்சள்-சிவப்பு அளவுகோலில் சிவப்பு, அதாவது அதிகம். உப்புக்கு அந்த எல்லை 1.5 கிராம். சோடியம் மட்டும் போட்டிருந்தால் 2.5-ஆல் பெருக்கினால் உப்பு அளவு வந்துவிடும். சேர்மானப் பட்டியல் எடை வரிசையில் இருக்கும், அதிகம் உள்ளது முதலில். முதல் மூன்றில் சர்க்கரையோ குளுக்கோஸ் சிரப்போ இருந்தால் திரும்ப வைத்துவிடுங்க.

பதில் 3: அடம் விஷயத்தில் ஒன்று. என்ன வாங்கப்போகிறோம் என்பதை வீட்டிலேயே சொல்லிவிட்டுக் கிளம்புங்க. முதலில் மறுத்து, அழுததும் வாங்கிக் கொடுத்தால், எவ்வளவு நேரம் அழவேண்டும் என்பதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும்.