வைட்டமின் டி 9தான் இருக்கிறது, அடிக்கடி சளி பிடிப்பது இதனாலா?

இரவுப்பறவை:
இரண்டு வருடமாக இரவுப் பணி. காலை ஏழு மணிக்கு வந்து படுத்தால், எழும்போது பொழுது சாய்ந்திருக்கும். ஆறு மாதத்தில் நான்கு முறை சளி, காய்ச்சல். கடைசியாக வந்த ஃப்ளூவில் பத்து நாள் எழவே முடியவில்லை. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 9 நானோகிராம். ஆனால் நான் படுப்பது ஜன்னலோரம், வெயில் முகத்திலேயே அடிக்கும். அப்புறம் எப்படிக் குறைந்தது? மாத்திரை போட்டால் இந்தச் சளி நிற்குமா?

வெயில்விரும்பி:
ஜன்னல் திறந்திருக்குமா, கண்ணாடி மூடியிருக்குமா? மூடியிருந்தால் சூடுதான் மிச்சம். தோலில் வைட்டமின் டி உருவாகத் தேவையான யுவிபி கதிரைக் கண்ணாடி வடிகட்டிவிடும்.

ரத்தக்குழாய்:
ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், மருத்துவர் இல்லை. 20க்குக் கீழே இருந்தாலே குறைபாடு என்பார்கள். 9 ரொம்பவே குறைவு. ஒன்று கேட்கிறேன், காய்ச்சலோடு ரத்தம் கொடுத்தீர்களா? உடம்பில் அழற்சி இருக்கும்போது இந்த அளவு கொஞ்சம் இறங்கிக் காட்டும். எது காரணம், எது விளைவு என்று குழம்புவது இங்கேதான்.

தொடர்பே இல்லை என்று சொல்லவில்லை. கிருமிகளைத் தாக்கும் கத்தெலிசிடின் என்ற புரதத்தை நம் செல்கள் உண்டாக்க வைட்டமின் டி உதவுகிறது. 2017இல் 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், கிட்டத்தட்ட 11,000 பேர். தினமும் அல்லது வாரந்தோறும் எடுத்தவர்களுக்குச் சுவாசத் தொற்று குறைந்திருந்தது, அதிலும் 10க்குக் கீழே இருந்தவர்களுக்கு நன்றாகவே. உங்கள் 9 அந்தக் கூட்டம்தான். ஆனால் பிற்பாடு புதிய ஆய்வுகளைச் சேர்க்கச் சேர்க்க அந்தப் பலன் சுருங்கிவிட்டது. பிரேசிலில் கொரோனாவோடு மருத்துவமனையில் இருந்தவர்களுக்கு ஒரே தடவையாக 2,00,000 யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். வீடு திரும்பும் நாள் குறையவில்லை.

அதனால் எலும்புக்காகவாவது குறைபாட்டைச் சரிசெய்யுங்கள், சளி குறைந்தால் லாபம். ஃப்ளூ தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள். அளவை மருத்துவர் சொல்லட்டும். சீக்கிரம் ஏறட்டும் என்று இஷ்டத்துக்கு விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் கூடிச் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

இரவுப்பறவை:
காய்ச்சல் விட்டு மூன்று வாரம் கழித்துத்தான் கொடுத்தேன். ஜன்னல் மூடித்தான் இருக்கும். சரி, வேலை முடிந்து நடந்து வரும் வெயில் போதாதா?

வெயில்விரும்பி:
அந்த நேரத்தில் உங்கள் நிழலைப் பாருங்கள். ஆளைவிட நீளமாக விழுந்தால் யுவிபி பேருக்குத்தான் இருக்கும்.

இரவுப்பறவை:
இன்று பார்த்தேன். என்னைப் போல மூன்று மடங்கு நீளம்! மாத்திரைக்கு நாளை மருத்துவரைப் பார்க்கிறேன்.