தாலுகாவுக்கு ஒரு பகல் மையம் போதுமா?

குடந்தைக் கண்ணன்:
"பகல் மையம் என்பது நோயாளியைக் கொண்டுபோய்த் தள்ளிவிடும் இடம்" என்று நேற்று வாசுகி அக்கா எழுதியதைப் படித்ததில் இருந்து மனசு ஆறவில்லை. புற்று முற்றிப் படுத்திருப்பவரைக் காலையில் விட்டு மாலையில் கூட்டிப்போகப் போகிறோம், அவ்வளவுதான். பார்த்துக்கொள்கிறவர் அந்த ஆறு மணி நேரம் தூங்கலாம், நடவுக்குப் போகலாம். தாலுகாவுக்கு ஒரு மையம், ஒரு வேன். இதில் என்ன தப்பு?

தலைஞாயிறு வாசுகி:
நான் சொன்னது சொன்னதுதான். வேன் எதுவரை வரும்? எங்கள் தெருவுக்கு முன்னால் வாய்க்கால், அதன் மேல் இரண்டு தென்னைமரம் போட்ட பாலம். மாமியாருக்கு முதுகெலும்பில் புற்று. கயிற்றுக் கட்டிலோடு முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் தூக்கினார்கள். ஒருவர் கால் வழுக்கிக் கட்டில் சாய்ந்தது. மாமியார் அலறிய அலறல் இன்னும் காதிலேயே இருக்கிறது. அந்தப் பாலத்தை யார் தாண்டுவது?

குடந்தைக் கண்ணன்:
ஒரு பாலத்துக்காகத் திட்டமே வேண்டாமா? டெல்டாவில் இப்போது எல்லா ஊருக்கும் ரோடு இருக்கிறது.

தலைஞாயிறு வாசுகி:
எல்லா ஊருக்குமா? ஜூன் 12 மேட்டூரைத் திறந்தாலும் தண்ணீர் எங்களுக்குக் கடைசியில்தான் வரும். கடைமடை தம்பி இது. ரோடும் அப்படித்தான். ஒருநாள் நேரில் வந்து பாலத்தைப் பாருங்கள்.

அலையாத்தி:
கேரளாவில் 2008லேயே நோய் ஆதரவு சிகிச்சைக்கு, அதாவது தீராத நோயில் வலியையும் வேதனையையும் குறைக்கும் கவனிப்புக்கு, தனிக் கொள்கை கொண்டுவந்து, பஞ்சாயத்து மூலமாக நர்ஸை வீட்டுக்கே அனுப்புகிறார்கள். இங்கும் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் நோய் ஆதரவு சிகிச்சை இருக்கிறதே. அதையே நீட்டினால் என்ன?

குடந்தைக் கண்ணன்:
எதற்கெடுத்தாலும் கேரளா! நர்ஸ் வந்து புண்ணைக் கழுவி, டியூபைப் பார்த்துவிட்டு அரை மணியில் கிளம்பிவிடுவார். மீதி நேரம்? மையத்தில் ஒரு நர்ஸ் எட்டுப் பேரைப் பார்க்கலாம். வீட்டுக்கு வீடு ஆறு மணி நேரம் உட்கார ஆள் எங்கே?

தலைஞாயிறு வாசுகி:
ஆள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் வேலையில்லாமல் இருக்கும் பெண்களுக்குப் பயிற்சி கொடுங்கள், நாள் கூலி கொடுங்கள். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிவிட வேண்டும். வலிக்கு மார்ஃபின் மாத்திரை நாலு மணிக்கொரு தடவை. பதினொரு மாதம் அலாரம் வைத்துப் படுத்தவள் நான். அண்ணன் மகள் கல்யாணத்தில் தாலி கட்டியதும் சாப்பிடாமல் பஸ் ஏறினேன். ஓய்வே வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? அந்த ஆறு மணி நேரம் வீடு தேடி வரட்டும் என்கிறேன். முதுகு ஒடிந்தவரைப் பாலத்தில் தூக்காதீர்கள் என்கிறேன்.

குடந்தைக் கண்ணன்:
கஜா சமயத்திலும் இப்படித்தான். நாங்கள் ராத்திரியெல்லாம் கண்விழித்துச் சேர்த்த லாரியை, பழைய துணி என்று திருப்பி அனுப்பினீர்கள். உங்களுக்கு எதைக் கொடுத்தாலும் குறை.

தலைஞாயிறு வாசுகி:
2018 நவம்பர் 16 புயல். உங்கள் லாரி மெயின் ரோட்டோடு திரும்பியது. உள்ளே வரவே இல்லை, இதில் நாங்கள் எங்கே திருப்பி அனுப்புவது? அன்றைக்கும் இதே பாலம்தான்.

பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்பு:
கஜா என்றதும் எல்லாரும் நாகைப் பக்கத்தையே பேசுகிறீர்கள். எங்கள் தோப்பில் ஒரு மரம் நிற்கவில்லை, அதை யார் பேசினீர்கள்?

அலையாத்தி:
அண்ணே, இங்கே பேச்சு நோயாளியைப் பற்றி.

பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்பு:
நீங்கள் ஆரம்பித்தால் சரி, நான் பேசினால் தப்பா?

குடந்தைக் கண்ணன்:
பாலத்தை விடுங்கள் அக்கா. திருத்துறைப்பூண்டியிலும் மன்னார்குடியிலும் டவுனுக்குள் இருப்பவர்களாவது பயன்பெறட்டுமே.

தலைஞாயிறு வாசுகி:
டவுனுக்கு மட்டும் என்றால் தலைப்பில் ஏன் தாலுகா என்று போட்டீர்கள்? வேன் வீடு வரைக்கும் வருமா, மெயின் ரோட்டோடு நிற்குமா? மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.

பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்பு:
மரத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள் தெரியுமா உங்களுக்கு?